இன்ஜின் விழுங்கிய பாதிச் சொல்

ஐஸ் ஃபேக்டரியில் அவருக்குக் கம்ப்ரசர் என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருஷம் அந்த மிஷின் பக்கத்திலேயே நின்று காது பாதி போய்விட்டது. வீட்டில் ஒன்று கேட்டால் வேறொன்றுக்குப் பதில் சொல்வார். "உங்ககிட்டப் பேசுறதுக்குச் சுவத்துக்கிட்டப் பேசலாம். அது தப்பாப் பதில் சொல்லாது" என்பாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் சகலையும் சின்னப் படகில் மஞ்சள்வால் மீன் பிடிக்கப் போவார்கள். சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவன், தபால்காரன். அவர்களிடம் வலை கிடையாது. படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே, நீளமான தூண்டில் நரம்புகளில் போலி இரைகளைப் பின்னால் இழுத்துப் போவார்கள். படகின் நடுவில் இன்ஜின், முன்னால் ஸ்டியரிங். கம்ப்ரசர் முன்னால் பார்த்து ஓட்டுவார். சகலை பின்பலகையில் உட்கார்ந்து நரம்பைப் பார்த்துக்கொள்வான்.

இரை செய்வதில் சகலை கெட்டிக்காரன். பழைய டூத் பிரஷ் கைப்பிடியைச் சீவி, தலையில் ஈயம் ஊற்றி, வாலில் கோழி இறகு கட்டுவான். வெயில் நாளில் வெள்ளை இறகு, மேகமூட்டமான நாளில் கருப்பு. "மீன் பசிக்குக் கடிக்கலண்ணே, பொறாமையில கடிக்குது. எதுவும் தன்னை விட்டுட்டு ஓடினா அதுக்குப் பொறுக்காது" என்பான். தண்ணீரில் இரை சுழலக் கூடாது, நடுங்க வேண்டும். அதற்கான வேகத்தைக் கம்ப்ரசர் காலடிப் பலகையின் அதிர்விலேயே பிடித்துவிடுவார். பாறைத்திட்டின் ஓரமாக வளைந்து வளைந்து போவார்கள். வளைவில்தான் மீன் இரையை எடுக்கும். ஒன்று எடுத்ததும் படகை நிறுத்தக் கூடாது. மஞ்சள்வால் கூட்டமாக வரும்; ஓட்டம் நின்றால் மற்ற இரைகள் தொய்ந்து, கூட்டம் கலைந்துவிடும்.

அன்று காலை கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. பாறையை வளைக்கும்போது பின்னாலிருந்து கத்தல் வந்தது.

"அண்ணே, நிறுத்..."

மிச்சத்தை இன்ஜின் விழுங்கிவிட்டது. மீன் எடுத்தால் "நிறுத்தாதீங்க" என்றுதான் அவன் எப்போதும் கத்துவான். கம்ப்ரசர் திரும்பாமலே தலையை ஆட்டிவிட்டு ஓட்டினார். இன்னொரு வளைவு போனபின், "எத்தனைடா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினார். பின்பலகை காலியாக இருந்தது.

மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். மணிக்கட்டைச் சுற்றி நரம்பு அறுத்த கோடு. கையில் சுற்றாதே என்று கம்ப்ரசர் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார்.

கொழுந்தியாள் அழாமல் கேட்டாள்: "கடைசியா என்ன சொன்னாரு அத்தான்?"

"நிறுத்தாதீங்கன்னான்மா." தரையைப் பார்த்துச் சொன்னார்.

அதன்பின் அந்தப் பாதிச் சொல் அவரை விடவில்லை. ஃபேக்டரி மிஷினுக்குள் கேட்டது. கிளம்புகிற பஸ்ஸுக்குள் கேட்டது. மனைவி மிக்ஸி போட்டால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். மற்ற எதுவும் சரியாகக் கேட்காத காதுக்கு அது மட்டும் துல்லியமாகக் கேட்டது. ஆனால் ஒருநாளும் முழுதாக அல்ல.

ஒன்றரை வருஷம் கழித்துக் கொழுந்தியாள் வந்து நின்றாள். "என்னை அந்த இடத்துக்கு ஒருதடவை கூட்டிட்டுப் போங்க அத்தான். அவர் உக்காந்த பலகையில நான் உக்காரணும்."

"உனக்கென்னடி கிறுக்கா?" என்றாள் அக்கா. தங்கை அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனார்கள். சகலை செய்த வெள்ளை இரை ஒன்றை அவள் தண்ணீரில் விட்டாள். கம்ப்ரசர் சொன்னபடி நரம்பைக் கையில் சுற்றாமல், பலகை முளையில் கட்டினாள். பாறை வளைவில் பின்னாலிருந்து ஒரு கத்தல். அவருக்குக் கழுத்து திரும்ப மறுத்தது. தலை மட்டும் தானாக ஆடியது. மறுபடி கத்தல். மறுபடி ஆட்டினார். அப்புறம் தோளில் ஒரு கை விழுந்தது. உயிரே போய்விட்டது அவருக்கு.

கொழுந்தியாள்தான். இன்ஜின் பெட்டியைத் தாண்டி வந்திருந்தாள்.

"முதல்ல நிறுத்துங்கன்னேன். அடுத்து நிறுத்தாதீங்கன்னேன். ரெண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டுறீங்க."

அவர் இன்ஜினை அணைத்தார். "பாதிதான்மா கேட்டுது. மீதியை நானே போட்டுக்கிட்டேன்."

"அன்னிக்கே தெரியும். என் முகத்தைப் பாக்காம சொன்னீங்க."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லியிருப்பீங்க."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தண்ணீர் படகின் பக்கத்தில் தளும்பிக்கொண்டிருந்தது. தொய்ந்து கிடந்த நரம்பு திடீரென்று விறைத்தது. நின்ற படகில் மஞ்சள்வால் எடுத்து அவர் அதுவரை பார்த்ததில்லை. இருவரும் மாற்றி மாற்றி இழுத்து அதை உள்ளே போட்டார்கள். முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. வெகுநேரம் துடித்தது.

இப்போதும் ஞாயிறுகளில் இரண்டு பேரும் போகிறார்கள். பழைய லாரிக் கண்ணாடி ஒன்றைக் கம்ப்ரசர் ஸ்டியரிங் பக்கத்தில் பொருத்தியிருக்கிறார். அதில் பின்பலகை முழுதாகத் தெரியும். கொழுந்தியாள் கையை ஆட்டினால் ஓட்டுவார், உயர்த்தினால் நிறுத்துவார். அவள் வர முடியாத நாளில் தனியாகவும் போவதுண்டு. அப்போது படகைத் தள்ளுவதற்கு முன்பே கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார்.