முந்திக்கொண்ட பியானோ

என் லேப்டாப்பிடம் ஒரு நல்ல குணம் உண்டு: அது எதற்கும் அவசரப்படாது. ஆபீஸில் கழித்துக்கட்டியதைச் சந்தோஷமாகத் தூக்கி வந்தவன் நான். அதற்குள் ஒரு பெரிய பியானோவையே இறக்கிவிடலாம் என்று நம்பியது என் சொந்தக் கோளாறு.

எல்லாம் எங்கள் முகப்பேர் குடியிருப்பின் பொங்கல் விழாவால் வந்தது. என் மனைவியைப் பாடச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பு மேடையில் பாடியவள். அதன் பிறகு சமையலறையோடு சரி. "தனியா நிக்க பயமா இருக்கு. நீங்க கூட வாசிச்சா பாடுறேன்" என்றாள். கீபோர்டு தெரியும் என்று பெண் பார்க்கப் போன அன்று பீற்றிக்கொண்டது இப்போது கழுத்தைப் பிடித்தது.

வீட்டில் ஏது கீபோர்டு? இலவசமாகக் கிடைத்த பியானோ மென்பொருளை இறக்கி, லேப்டாப்பின் எழுத்துப் பொத்தான்களிலேயே வாசித்துப் பார்த்தேன். ஒலி வந்தது, நான் அழுத்திச் சற்று நேரம் கழித்து. அமைப்பை மாற்றினால் உடனே வந்தது, ஆனால் பொரி வறுபடும் சத்தத்தோடு. இரண்டில் தாமதமே மேல் என்று முடிவு செய்தேன்.

பிறகுதான் என் மூளை வேலை செய்தது. கொஞ்சம் முன்னாலேயே அழுத்திவிட்டால் ஒலி சரியான இடத்தில் வந்து சேருமே! அதையே பழகினேன். அவள் வாய் திறப்பதற்குள் என் விரல் இறங்கிவிடும். பாட்டும் பியானோவும் கச்சிதமாகப் பொருந்தின. லேப்டாப்பையே ஏமாற்றிவிட்டதாக எனக்குத் தலைகால் புரியவில்லை.

விழாவன்று மைக் செட்காரர் நிஜமான கீபோர்டே கொண்டுவந்திருந்தார். லேப்டாப்பைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு அதன் முன் உட்கார்ந்தேன். அது தொட்ட கணமே ஒலித்தது. என் விரல்களோ பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் அவளுக்கு முன்னால் ஓடியது. தான்தான் பிந்துகிறோம் என்று நினைத்து அவள் வேகத்தைக் கூட்டினாள். அவள் கூட்டக் கூட்ட நான் அதற்கும் முன்னால் போனேன். தாலாட்டாகத் தொடங்கிய பாட்டு சரணத்துக்குள் குத்துப்பாட்டாகிவிட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை எழுந்து ஆடியது. மேடையோரம் நின்ற மைக் செட்காரர், "இன்னா சார், பஸ்ஸு எதுனா பூடப்போவுதா?" என்றார்.

அவள் குரல் நடுங்கத் தொடங்கியது. இனி இவள் எந்த மேடையிலும் ஏறமாட்டாள், காரணம் நான்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அப்படியும் கை நிற்கவில்லை.

அவள் பாட்டை நிறுத்தினாள். என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் எடுத்து என் மடியிலேயே வைத்தாள். திரும்பிப் போய் முதல் வரியிலிருந்து, நிதானமாக, தனியாகப் பாடினாள். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. ஏதோ ஸ்வரத்தைத் தேடுபவன் போலக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் படியேறும்போது மெல்லக் கேட்டேன்: "தனியா நிக்க பயம்னு சொன்னியே?"

"பயந்தான். உங்க கூட நிக்கிறதுக்கு அது எவ்வளவோ தேவலைன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."