வேன் போட்ட ஓட்டு

போன வாரம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வேன் என்னை உரசுகிற மாதிரி போனது. ஜன்னல் வழியாகக் குச்சி மருந்தின் வாடை அடித்தது பாருங்கள், அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது: பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் சித்தியைத் தோற்கடித்தது ஒரு வேன். டிவியில் சாதி, காசு, கூட்டணி என்று பிரித்துப் பிரித்துப் பேசுகிறார்களே, ஒருவராவது வேனைப் பற்றிப் பேசியிருக்கிறாரா?

அம்மா தினமும் அந்த வாடையோடுதான் வீடு திரும்புவாள். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். தீப்பெட்டி அடைக்கப் போகிறவர்களை ஆபீஸ் வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். ஒரு கோடை விடுமுறையில் நானும் போயிருக்கிறேன். யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்தக் கடையில் சேலைக்குத் தள்ளுபடி, யாருக்கு ஓட்டு, எல்லாம் டவுன் வருவதற்குள் முடிவாகிவிடும். எதிர்த்துப் பேசினால் மறுநாள் இடம் பிடித்து வைக்க ஆள் இருக்காது.

வேனில் போகாத எங்களுக்கு விலக்குதான் கதி. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடம். டவுன் பஸ் அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடும். மழை பெய்தால் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொள்ள, காலேஜ் வாசலில் நான் இரண்டு அங்குலம் வளர்ந்து நிற்பேன். சித்தி தலைவர் பதவிக்கு நின்று, பஸ்ஸை ஊருக்குள் கொண்டுவருவேன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருத் தெருவாக அலைந்தேன். எதிர்த்து நின்றவர் விலக்கில் ஊர்ப் பெயர் போட்டு ஒரு அலங்கார வளைவு கட்டித் தருவதாகச் சொன்னார். வளைவு!

வளைவுதான் ஜெயித்தது. சொந்தத் தங்கைக்கே ஓட்டுப் போடவில்லையே என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவள் உலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பஸ்ஸு ஊருக்குள்ள வந்துட்டா வேன நிப்பாட்டிருவாவ. பெறவு தினம் டிக்கெட்டு நீ எடுப்பியாட்டி?"

பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமாகாத காலம் அது. வேன் நின்றுவிடும் என்பது வேனில் யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. ஒருத்தியும் ஆபீஸில் கேட்கவில்லை. டிரைவர் முன்னாலேயேதான் உட்கார்ந்திருந்தார், அவரிடம்கூடக் கேட்கவில்லை. மொத்த வேனும் போய் வளைவுக்குக் குத்திவிட்டு வந்திருக்கிறது.

இப்போது பஸ்ஸும் வரவில்லை, வேனும் இல்லை. டீசல் கட்டுபடியாகவில்லை என்று எங்கள் ஊர் வேனை ஆபீஸே நிறுத்திவிட்டது. காலையில் அந்த ஹாரன் சத்தம் போயிற்று. ஜன்னலோரத்துக்கு நடக்கும் சண்டையும் போயிற்று. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தனை பேரும் விலக்குக்கு நடக்கிறார்கள். நேற்று அம்மா காலில் அப்பிய மண்ணைக் கழுவிக்கொண்டே, "ஒங்க சித்தி அப்பமே சொன்னா. எவட்டி கேட்டா?" என்றாள். ஏதோ வேற்றூர்க்காரர்கள் வந்து போட்டுவிட்டுப் போன ஓட்டு மாதிரி.

சித்தி இனி நிற்க மாட்டாளாம். வருகிற தேர்தலில் நான் நிற்கப் போகிறேன், தேர்தலில் நிற்கிற வயசு எனக்கு வந்துவிட்டது. தெருத் தெருவாக அலைகிற வேலை இந்த முறை கிடையாது. வேனில் நடந்த பேச்செல்லாம் இப்போது விலக்குக்குப் போகும் வழியில்தான் நடக்கிறது. நாளை முதல் நானும் அவர்களோடு நடக்கப் போகிறேன், அம்மாவுக்குப் பக்கத்திலேயே. முதலில் அந்த ஓட்டை வாங்கியாக வேண்டும்.