‘அட்ஜஸ்ட்’ பற்றி நான் எழுதிய ஒரு வரி

‘ஐயா, உங்கள் பத்தியைக் காட்டித்தான் என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.’

கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையும் மங்கல். என் கைக்கு வந்தது செவ்வாய் காலை பதினொன்று பத்துக்கு. உறையின் மேல் குறித்து வைத்திருக்கிறேன். எழுதியவர் ஏரியூர்ப் பக்கத்தில் துணி தைக்கும் பெண்மணி. பெயர் வேண்டாம்.

சில வாரங்களுக்கு முன் இங்கே ‘அட்ஜஸ்ட்’ பற்றி எழுதியது நினைவிருக்கிறதா? மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக உட்காரும்போது சொல்வோமே, அதே சொல்தான். ‘ஜஸ்டிஸ்’ வழியில் பிறந்த சொல் அது. அட்ஜஸ்ட் செய்பவர் நியாயத்தின் பக்கம் நகர்கிறார் என்று முடித்திருந்தேன். பாராட்டு குவிந்தது...

அந்த வரியைத்தான் கடிதம் எழுதியவரின் அண்ணன், பங்காளிகள் முன்னால் போனைப் பார்த்துப் படித்திருக்கிறார். அப்பாவின் நிலத்தில் பங்கு வேண்டாம் என்று தங்கை விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டுமாம். பதிவு வெள்ளிக்கிழமை.

புதன்கிழமை பஸ் ஏறினேன். அண்ணன் வாசலுக்கே வந்து வரவேற்றார்.

“வாங்க சார், வாங்க! பாத்தியா பாப்பா, எழுதுனவரே நம்ம வூட்டுக்கு வந்துட்டாரு. இப்ப என்னா சொல்ற?”

நான் எழுதியது தப்பு என்றேன். அந்தச் சொல்லின் வேர் நியாயம் அல்ல. ‘அருகில்’ என்று பொருள்படும் லத்தீன் சொல். ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அவ்வளவுதான். நியாயம் என்பது, ஒலி ஒத்துப்போகிறதே என்று பின்னால் வந்தவர்கள் ஒட்டியது.

அண்ணன் சிரித்தார். “அதையேதாங்க சார் நாங்களும் சொல்றோம். பக்கத்துல பக்கத்துல இருக்கணும்னுதான். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா இவளுக்கு அண்ணன் வூடு வேணுமில்ல?”

சிரிப்போடு வந்த மிரட்டல் அது. தங்கை என்னைப் பார்த்துக் கேட்டார்:

“தப்புன்னு உங்களுக்கு எப்பங்க சார் தெரிஞ்சுது?”

இங்கே பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் டைரி இருக்கிறதே! பத்தி வெளியான மறுநாளே அகராதியைப் புரட்டினேன். ‘தவறு. திருத்தம் வெளியிட வேண்டும்’ என்று தேதியோடு எழுதி, அடிக்கோடும் போட்டேன். வெளியிடவில்லை. ஏன்? பாராட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அந்த வரி அழகாக வேறு இருந்தது.

“மறுநாளேம்மா...” என்றேன்.

“மறுநாளேவா? அன்னைக்கே போட்டிருந்தீங்கன்னா, இவரு பங்காளிங்க முன்னால எதைப் படிச்சிருப்பாரு?”

“வுடு பாப்பா, பெரியவரு. அட்ஜஸ்ட் பண்ணிக்க” என்றார் அண்ணன்.

டீ வந்தது. குடித்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாமதமான திருத்தம் இது: அட்ஜஸ்ட்டுக்கும் நியாயத்துக்கும் பிறப்பில் உறவில்லை. அப்பாவின் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள அகராதியே தேவையில்லை. இதை அன்று அந்த வீட்டில் உட்கார்ந்து நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டாரா? இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அண்ணனிடம் கேட்க எனக்கு முகமில்லை. இந்தப் பத்தி அச்சுக்குப் போகும் வரை — சரிபார்க்கப்படவில்லை.