பதினாலாம் பக்கம் பாக்கி

சம்பளமில்லாத வேலையை ராஜினாமா செய்யக்கூட முடியாது என்பது, லினக்ஸ் என்கிற இலவசக் கம்ப்யூட்டர் இயங்குதளத்துக்குத் தமிழில் கையேடு எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. சகபாவிகளே, ஆறு மாதத்துக்கொரு புதுப் பதிப்பு வரும். இடப்பக்கம் கிடந்த பொத்தானை வலப்பக்கம் நகர்த்தியிருப்பான் புண்ணியவான். நாம் படத்தையெல்லாம் மறுபடி பிடித்து ஒட்டவேண்டும். 2008 வாக்கில் இந்தக் கூத்தில் இரண்டே பேர்: பத்மநாபபுரத்தில் நான், அருமனையில் என் கூட்டாளி செல்வன்.

ஐந்து நிமிட வேலை

புதுப் பதிப்பில், நிறுவும்போது வரும் ஒரு திரையில் பொத்தான்களின் வரிசை மாறிவிட்டது. முன்பு இரண்டாவதாக இருந்தது, 'காலி இடத்தில் நிறுவு'. இப்போது இரண்டாவது, 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவு'. என் கையேட்டின் பதினாலாம் பக்கமோ, 'கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை அமுக்குங்கள்' என்று தைரியம் சொல்லிக்கொண்டு கிடக்கிறது. திருத்த ஐந்து நிமிடம் போதும். நானோ ஒரு வாரமாக முன்னுரையில் யார் யாருக்கு நன்றி சொல்வது, யார் பெயரை மேலே போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். செல்வன் போனில் கத்தினான்: "மக்கா, பதினாலு பாத்தியா? எவன் குடியையாவது கெடுத்திராதல!"

களஞ்சியம்

மென்பொருள்களைச் சேர்த்துவைத்திருக்கும் இடத்துக்குக் 'களஞ்சியம்' என்று பெயர் வைத்தேன். பெருமை தாங்கவில்லை. நம்மூரில் களைவது என்றால் தூர எறிவது, 'களஞ்சாச்சு' என்றால் எறிந்தாயிற்று என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பேனாவைப் பிடித்தால் மட்டும் நான் ஊர்ப்பேச்சை மறந்து, சங்கத்தமிழ் மதுரைக்காரனாகிவிடுவேன். மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் சந்தேகம் கேட்டுப் போனில் பேசினார். "களஞ்சியம் பார்த்தீங்களா?" என்றேன். பிறகு அந்த ஒரு சொல்லுக்கு விளக்கக் குறிப்பு எழுதவே இரண்டு நாள் போயிற்று. பதினாலு அப்படியே கிடந்தது. அன்று போனில் மனுஷர் பதறிப்போய்ச் சொன்னது இதுதான்: "சாரே, நான் ஒண்ணையும் களையல்ல! எல்லாம் இங்கதான் இருக்கு!"

இரண்டாவது

முட்டத்து ஸ்டெல்லா டீச்சர், மாதா கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை ஒரு வருஷமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர். கல்ஃபுக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சான்றிதழ் சட்டென்று கொடுக்கலாமே என்று. அதே கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட, என் கையேட்டை அச்செடுத்து, வரி வரியாக விரல் வைத்து வாசித்து, பதினாலாம் பக்கத்தில் இரண்டாவதை அமுக்கிவிட்டார். ஒரு வருஷ உழைப்பு போயே போயிற்று. முதலில் நகல் எடுத்துவையுங்கள் என்று நான் எழுதாமலில்லை. அது கடைசிப் பின்னிணைப்பில் இருந்தது.

சேதி கேட்டதும் பஸ் பிடித்து ஓடினேன். டீச்சர் முதல் பதிவேட்டைத் திரும்பவும் விரித்து, முதல் பெயரிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "என் தப்புதான் டீச்சர், மன்னிச்சிருங்க" என்றேன். அவர் தலை நிமிரவில்லை. "சங்கடப்படாதீங்க சார். அவ்வளவு தெளிவா எழுதியிருந்தீங்க, எனக்கு ஒரு சந்தேகமும் வரல்ல பாத்துக்கிடுங்க."

வீட்டுக்கு வந்து பதினாலாம் பக்கத்தைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை; நன்றிப் பட்டியலில் டீச்சர் பெயரை எங்கே போடுவதென்றுதான் இன்றுவரை தெரியவில்லை.