கேட்டுப் போன பாதை

என் தங்கைக்குச் சவளக்கடையில் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. வாப்பா அவளுடைய கலியாணத்துக்குக் கொடுத்தது. மச்சான் கட்டாரில் இருப்பதால் வேளாண்மை வேலை அவளுடைய காக்காவான என் பொறுப்பு. றோட்டுக்கும் அந்த வயலுக்கும் நடுவில் ஒரு ஹாஜியாரின் காணி. அதன் ஓரத்து வழியால்தான் உழவு மெஷினும் வெட்டு மெஷினும் போய்வந்தன.

ஹாஜியார் வயதுபோய் மௌத்தானார். அடுத்த போகத்தில் அவருடைய மகன் அந்த வழிக்குக் குறுக்கே முட்கம்பி அடித்தார். விளைந்த நெல்லை ஆள் வைத்து வெட்டி, வயல் வரம்பால் தலையில் சுமந்து கொண்டுவந்தோம். பாதி மழையில் நனைந்தது. தங்கை கல்முனைக் கோட்டில் வழக்கு வைத்தாள்.

பத்து வருடத்துக்கு மேல் உரிமையோடு போய்வந்ததை நிரூபித்தால் வழி எங்களுக்கு என்றார் சட்டத்தரணி. மெஷின் போன ஒவ்வொரு நாளும் என் டயறிகளில் இருந்தது. பதினாலு டயறிகளை உரிய பக்கங்களில் துண்டுக் கடதாசி வைத்துக் கொண்டுபோனேன். மூன்றாவதைப் புரட்டும்போதே அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"இதென்ன, ஒவ்வொரு தரமும் 'ஹாஜியாரிடம் கேட்டேன்' எண்டு எழுதியிருக்கீங்க?"

"ஓம் சேர். மத்தவங்கட காணியால மெஷின் விடக்குள்ள ஒரு சலாம் சொல்லிக் கேக்கிறதுதானே மரியாதை."

"கேட்டுப் போனா அது உரிமையில்ல, அவர் தந்த அனுமதி. சட்டம் அப்படித்தான் பாக்கும்."

டயறிகளை என் பக்கம் தள்ளினார். "இதெல்லாம் வீட்டயே இருக்கட்டும். நீங்க வாயால சொன்னாப் போதும்."

திரும்பும் வழியில் ஆட்டோவில் தங்கை சொன்னாள்: "ஹாஜியார் ஒருநாளும் மறுக்கல்ல. 'வந்து வந்து கேக்காதீங்க மகன், மெஷின விடுங்க' எண்டுதான் சொல்லுவார். நீங்கதான் விடாமக் கேட்டீங்க காக்கா. கேட்டதோட நிண்டிருக்கலாம், எழுதியும் வெச்சீங்க."

பல தவணைகளுக்குப் பிறகு என்னைச் சாட்சிக் கூட்டில் ஏற்றினார்கள். உண்மையே சொல்வதாக உறுதி எடுத்தேன். எதிராளியின் சட்டத்தரணி ஒரே விடயத்தைத்தான் கேட்டார்.

"மெஷின் விட முதல் ஹாஜியாரிட்டக் கேட்டீங்களா?"

பின்வரிசை வாங்கில் ஹாஜியாரின் மகன் இருந்தார். நான் கேட்கப் போன நாட்களில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். தங்கை தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்."

"ஒருக்காவா?"

"ஒவ்வொரு போகத்துக்கும். டயறியிலயும் எழுதியிருக்கன்."

வழக்குத் தள்ளுபடியானது. மேன்முறையீடு செய்யலாம் என்றார் எங்கள் சட்டத்தரணி. தங்கை வேண்டாம் என்றாள்.

அடுத்த அறுவடைக்கு முதல்நாள் ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். தங்கை ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. மகன் கதவடியில் நின்றே கதைத்தார்.

"வழக்குத்தான் முடிஞ்சிதே. இப்ப என்ன?"

"நாளைக்கு வெட்டு மெஷின் வருது. உங்கட காணியால விடட்டா?"

"டயறியில எழுதுவீங்கதானே?"

"ஓம்."

"அப்ப விடுங்க. நான் அனுமதி தந்ததெண்டு எழுதுங்க."

முட்கம்பியை வெட்டக் குறடு எடுக்க உள்ளே போனார். நான் வந்து தங்கையிடம் சொன்னேன்.

"வாப்பா தந்த வயலுக்கு இனி வருஷத்துக்கு ரெண்டு தரம் இவங்கட வாசல்ல நிக்கணும்" என்றாள்.

அன்றைய பக்கத்தில் அவர் சொன்னபடியே எழுதினேன். தங்கை சொன்னதற்கும் கீழே இடம் இருந்தது. அதை எழுதவில்லை.