சனாவுல்லா பாயின் வெள்ளை லைட்

திண்டுக்கல்லில் சனாவுல்லா பாயின் பிரியாணிக் கடையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய ஆம்னி வேனைத் தெரியாதவர்கள் அவர் குடியிருக்கும் பேகம்பூரில் கிடையாது. பழைய வண்டி. பின் சீட்டைக் கழற்றிவிட்டுச் சாக்கு விரித்திருப்பார். வியாழக்கிழமை அதில் ஆடு வரும். மற்ற நாட்களில் அரிசி மூட்டையும் மனைவி ஷரீஃபாவும் வருவார்கள். என்றைக்கு ஏறினாலும் ஆட்டு வாடைதான்.

அய்யலூர் சந்தையில் ஆடு பிடிக்கப் பாய் ஒரு வழி வைத்திருந்தார். சந்தைக்குள் போய் நிற்க மாட்டார். விடிவதற்கு முன்பே சந்தையைத் தாண்டி, மலையடிவாரத்து ஊர்ச் சாலையில் எதிர்கொண்டு போவார். மொபட்டில் ஆட்டைக் கட்டி வருகிறவர்களை வழியிலேயே நிறுத்தி, மற்ற வியாபாரிகள் கண்ணில் படும் முன் நல்ல கிடாவாகப் பேசி முடித்துவிடுவார். கெட்டிக்காரத்தனம்தான். நேர்மையா என்று கேட்டால் சிரிப்பார்.

அதற்குக் கண் நன்றாகத் தெரிய வேண்டும். கொஞ்ச காலமாக எதிரே வருவது ஆடா ஆளா என்றே அவருக்குப் பிடிபடவில்லை. வண்டி லைட் மங்கிவிட்டது என்று வீட்டில் புலம்பினார்.

"லைட்டுல ஒண்ணுமில்லைங்க. உங்க கண்ணுலதான் இருக்கு. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள் ஷரீஃபா.

பாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கண்ணில் புரை என்று ஒத்துக்கொள்ள எந்த ஆம்பளைக்கு ஆசை? வயதானது வண்டிக்குத்தான் என்று முடிவு கட்டி, வண்டி வயரிங் பார்க்கும் ஸ்டீபன்ராஜின் பட்டறைக்குப் போனார். விளக்குக் கண்ணாடியும் மங்கித்தான் இருந்தது. உள்ளே பூச்சு உரிந்து கிடந்தது. ஸ்டீபன்ராஜ் இரண்டு விளக்கையும் முழுசாக மாற்றினான். பழையபடி மஞ்சள் பல்பு போதும் என்றான். பாய் கேட்கவில்லை, எல்.ஈ.டி. வெள்ளை பல்புதான் வேண்டும் என்றார். போட்டுவிட்டு, சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துக் கீழே இறக்கினான்.

"எதுக்கப்பு எறக்குற? தூக்கி வையி. ஆடு தூரத்துலயே தெரியணும்."

"உங்களுக்குத் தெரியும் பாய். எதுக்க வாரவனுக்கு ரோடு தெரியாது."

"எதுக்க வாரவன் பாத்து வரட்டும். நீ தூக்கு."

தூக்கி வைத்தான். அந்த வியாழக்கிழமை சாலை பகல் மாதிரி தெரிந்தது. பாய்க்கு ஒரே குஷி. மலைப் பக்கத்துச் சாலையில் ஒரு சின்னப் பாலம், கைப்பிடிச் சுவர் இடிந்தது. அதை நெருங்கும்போது எதிரே ஒரு மொபட் வந்தது. வந்தவன் ஒரு கையால் கண்ணை மறைத்ததைப் பாய் பார்த்தார். அதற்கு அப்பால் இன்னும் இரண்டு மொபட்டுகள், கொழுத்த கிடாக்களோடு. அவர் லைட்டைத் தணிக்கவில்லை. தாண்டிய பிறகு பக்கக் கண்ணாடியில் அந்த மொபட்டின் சிவப்பு விளக்கு சாய்ந்தது. ஓர் ஆடு கத்தியது. பாயின் கால் ஒரு கணம் பிரேக்குக்குப் போனது. பிறகு அந்தக் கிடாக்களை நோக்கிப் போய்விட்டார்.

விழுந்தது வீரப்பன். பத்து வருஷமாகப் பாய்க்கு ஆடு கொடுக்கிறவன். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதுதான் அந்தச் சந்தையில் வழக்கம். வீரப்பனின் விரல்களைப் பாய்க்கு முகத்தைவிட நன்றாகத் தெரியும். அந்த வலது மணிக்கட்டுதான் ஒடிந்துவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

"எவனோ படுபாவி, லைட்டை மூஞ்சியில அடிச்சுட்டு நிக்காம போயிட்டானாம்."

"பாத்து வரணும்ல" என்றார் பாய். சொன்ன வாயை அங்கேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் ஜும்ஆத் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தால் அந்தச் சிவப்பு விளக்கு சாய்கிறது. கடையில் உப்பை இரண்டு தரம் போட்டார். நேரே ஸ்டீபன்ராஜிடம் போய், வெள்ளையைக் கழற்றி மஞ்சள் போட்டு, நன்றாக இறக்கி வைக்கச் சொன்னார். கண் டாக்டரையும் பார்த்தார். புரைதான். ஷரீஃபா ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. அதுவே அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. பல்பைக் கழற்றியும் பாரம் இறங்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பாய் விடிந்த பிறகு கிளம்பி, எல்லோரையும் போலச் சந்தைக்குள் போனார். வீரப்பன் நிற்கும் இடத்தில் அவன் மனைவி காளியம்மாள் இரண்டு ஆடுகளோடு நின்றாள். பாய் பழக்கத்தில் தோளிலிருந்து துண்டை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. அடுத்தவன் பெண்டாட்டியின் விரலைத் துண்டுக்குள் எப்படிப் பிடிப்பது? அவளுக்கும் அது தெரியும். தலை குனிந்தபடி விலையை வாய்விட்டுச் சொன்னாள். சந்தை முழுக்கக் கேட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் ஆட்டின் முதுகைப் பிடித்துக் குறைத்துக் கேட்டார்கள். துண்டுக்குள் வீரப்பனிடம் யாருக்கும் இந்தத் தைரியம் வந்ததில்லை. அவள் முகம் சுருங்கியது.

பாயால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தங்கச்சி, அன்னைக்கு லைட்டடிச்சது என் வண்டிதாம்மா" என்றார். அவரும் வாய்விட்டுத்தான் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

காளியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா பாய்?"

"நாந்தான்."

"அவுக விழுந்தது தெரிஞ்சா போனீக?"

இத்தனை பேர் முன்னால் அந்தக் கேள்வி வரும் என்று அவர் நினைக்கவில்லை. "இல்லம்மா. சத்தியமா தெரியாது."

அவள் ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "இதை எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? கை ஒடிஞ்சது எனக்கில்ல. வண்டியை எடுங்க. அவுககிட்ட வந்து சொல்லுங்க."

ஆடுகளை அவளே ஏற்றினாள். முன் சீட்டில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியிருந்தது. மலை அடிவாரம் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. பாய், வீரப்பனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சாலை நேராகப் போனது. எதிரே ஒரு வண்டியும் இல்லை. இடிந்த பாலம் தூரத்தில் வந்தபோது அவர் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. வண்டி ஊர்ந்தது.

காளியம்மாள் பாலத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அவுக விழுந்தது எந்த எடம்னு நான் இன்னும் சொல்லலையே பாய்" என்றாள்.

பாய் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"தெரிஞ்சுதாம்மா போனேன்" என்றார். "ஆடு கத்துனதும் கேட்டுச்சு."

"அதையும் சேத்துச் சொல்லுங்க" என்றாள் அவள். "போங்க, வீடு பக்கந்தான்."