கிண்ணமா, தொட்டியா

இரண்டு முறை என் வயிற்றில் தங்கியது ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது முறை தாம்பரத்து லேடி டாக்டர் என் வீட்டுக்காரரை எதிரில் நிற்கவைத்துக் கேட்டார். "வீட்டுல மாடு இருக்கா? தண்ணி யார் இழுக்கறாங்க?" நான்தான் என்று நான் சொன்னதும் டாக்டருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. இனிமேல் வாளியைத் தொடக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இந்தப் பிள்ளை தங்க வேண்டுமானால் அவ்வளவுதான் வைத்தியம் என்று சொல்லி அனுப்பினார்.

குரோம்பேட்டையிலிருந்து திருநீர்மலை போகும் வழியில் எங்கள் வீடு. எழுபதுகளின் தொடக்கம். நிலத்தை மனை போட்டு விற்றது போக ஒரு கிணறும் ஐந்து மாடுகளும் மிச்சம். என் மாமியாருக்கு முட்டிவலி. தவிடு, புண்ணாக்கு, கழுநீர் எல்லாம் கலப்பது அத்தை. கிணற்றிலிருந்து இழுத்து வந்து கொட்டுவது நான்.

வீட்டுக்காரர் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருக்கு இது போதாதா? மாடு தானே குடித்துக்கொள்ள பிராட்வே கடையில் இரண்டு விதம் இருக்கிறது என்று வந்து சொன்னார். ஒன்று இரும்புக் கிண்ணம். உள்ளே ஒரு தகடு இருக்கும். மாடு மூக்கால் அழுத்தினால் தண்ணீர் வரும், மூக்கை எடுத்தால் நின்றுவிடும். இன்னொன்று சிமெண்டுத் தொட்டி. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கிக் குழாய் தானாகத் திறந்துகொள்ளும். நான் தொட்டி என்றேன். "ஒண்ணோட எச்சிலை இன்னொண்ணு குடிச்சா சீக்குதான் வரும். கிண்ணம்தான்" என்று ஒரே பிடியாக நின்றார். சாணி அள்ளுகிறவள் நான், யோசனை சொல்கிறவர் அவர். எப்படியோ போங்கள் என்று விட்டுவிட்டேன்.

கிணற்றுக்கு மோட்டார் வந்தது, குளியலறை மேல் டேங்க் வந்தது, மாட்டுக்கு ஒன்றாகக் கிண்ணமும் வந்தது. அத்தைக்குக் கலக்குகிற வேலை இல்லை, எனக்கு இழுக்கிற வேலை இல்லை. டாக்டர் சொன்னபடி பானையிலிருந்து மொண்டு மொண்டு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் கொட்டகையிலிருந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடியும் வந்தது. பரவாயில்லையே, அதற்குள் பழகிவிட்டதே என்று போய் எட்டிப் பார்த்தேன். ஒரு மாடும் குடிக்கவில்லை. மூக்கால் அழுத்தின, வந்த தண்ணீரை முகர்ந்தன, முகத்தைத் திருப்பிக்கொண்டன. கிண்ணங்கள் எல்லாம் தளும்பி வழிந்துகொண்டிருந்தன. என் காலடி கேட்டதும் ஐந்து தலையும் ஒரே நேரத்தில் திரும்பின. சினை மாடு என் முகத்தைப் பார்த்தது, பிறகு கிண்ணத்தைப் பார்த்தது, மறுபடியும் என்னைப் பார்த்தது. வெளியே அப்படி வெயில். நான் திரும்பி வேகமாக உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாளும் அதே கதை. நாக்கு வறண்டு கிடந்தன, பால் பாதியாகக் குறைந்தது. "பாலுக்கு எவ கண்ணோ பட்டுகீது" என்று அத்தை மிளகாய் சுற்றிப் போட்டார். "ரெண்டு நாள் காஞ்சா தானா குடிக்கும், சும்மா இரு" என்றார் வீட்டுக்காரர். மத்தியானமானால் அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. குடிக்காத மாடு எதற்காக அழுத்துகிறது? நான் கொட்டகைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

அப்புறம் அவரை நான் சும்மா விடவில்லை. நான் சொன்னபோதே கேட்டிருந்தால் இந்தப் பாடு உண்டா என்று காது புளிக்கும்வரை கேட்டேன். அவர் கிண்ணங்களைக் கழற்றிவிட்டுத் தொட்டியைக் கட்டி மிதவையை மாட்டினார். அது காய்கிற வரைக்கும் அத்தை புண்ணாக்கு கலந்து வைக்கும் பழைய வாளிதான்; அதை ஒரே மூச்சில் காலி செய்தன.

தொட்டி நிரம்பிய சாயங்காலம் ஐந்தையும் அவிழ்த்துவிட்டார். நானும் சொம்பும் கையுமாக வாசற்படியில் நின்றேன். மாடுகள் தொட்டியைச் சுற்றி நின்று குனிந்தன. மூக்கு தண்ணீரைத் தொடவில்லை. ஒன்று கூட வாலை ஆட்டவில்லை, கத்தவில்லை. அசையாத தண்ணீரில் ஐந்து முகங்கள் தெரிந்தன. என் வாயில் இருந்த தண்ணீரை விழுங்க முடியவில்லை.

பொறுக்கமுடியாமல் அத்தை ஊறவைத்த புண்ணாக்கைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டிக் கலக்கினார். கொட்டிய வேகத்தில் ஐந்தும் உறிஞ்சின. தண்ணீர் இறங்கியது, மிதவை இறங்கியது, குழாய் திறந்து புதுத் தண்ணீர் பாய்ந்தது. ஐந்து வாயும் ஒன்றாக மேலே வந்துவிட்டன.

"கிண்ணமும் இல்ல, தொட்டியும் இல்ல" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக. "தண்ணிதான்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. "ஏரிக்கு அந்தாண்ட அந்தத் தோல் பதனிடற ஷெட்டு வந்ததுலேர்ந்து தண்ணி கடுக்குது. இதுங்க மோந்து மோந்து பாத்துட்டுப் போச்சு. அதான் புண்ணாக்க ஒரு கை கூடப் போட்டுகினு வரேன். வெறும் தண்ணிய எது குடிக்கும்? என்னைய யாரு கேட்டா?"

கல்யாணமாகி வந்த புதிதில் நானும் கடுக்கிறது என்று சொன்னவள்தான். பழகிடும் என்றார்கள், பழகிவிட்டது. அத்தைக்குக் காபியும் மோரும். வீட்டுக்காரருக்குப் பகலெல்லாம் தொழிற்சாலைத் தண்ணீர். மாட்டுக்குப் புண்ணாக்குத் தண்ணீர். அந்த வீட்டில் அதை வெறும் தண்ணீராகக் குடித்தவள் நான் ஒருத்திதான்.

வீட்டுக்காரர் திரும்பி என் சொம்பைப் பார்த்தார். அருகில் வந்து வாங்கிக் கீழே கொட்டினார். அன்றைக்கே கூடுவாஞ்சேரியில் என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

என் மகள் அங்கேதான் பிறந்தாள், மாதம் நிறைந்து, நல்லபடியாக. சினை மாட்டைக் கூட்டிப் போக யாருக்கும் தோன்றவில்லை. வேறு தண்ணீர் ஏது? புண்ணாக்கை இன்னும் ஒரு கை கூடப் போட்டுக் காட்டினார்கள், அதுவும் குடித்தது. அதன் கன்று செத்துப் பிறந்தது.